லவுஞ்சில் டிவியையும் டிகோடரையும் வேறு சுவருக்கு மாற்ற வேண்டும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பேவியூ மருமகள்

வணக்கம். நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பேவியூ. எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். வாழ்க்கைப்பட்டு இங்கே வந்து பதினொரு வருஷம் ஆகிறது. வீட்டில் நானும் கணவரும், ஒரு பையன், அப்புறம் என் மாமியார். அவருக்கு 79 வயது. அவருக்காகத்தான் இந்தக் கேள்வி.

அத்தைக்கு ஜூன் மாதம் வலது கண்ணில் கண்புரை அறுவை செய்தார்கள். நன்றாகத் தேறிவிட்டார். தெருமுனையில் வரும் காய்கறி வண்டியை எனக்கு முன்னால் அவர் பார்த்துவிடுகிறார். ஆனால் டிவி மட்டும் பார்க்க முடியவில்லை. பத்து நிமிஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு, “நீ பார்த்துச் சொல்லு” என்கிறார். முதலில் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து திரும்ப டாக்டரிடம் கூட்டிப் போனோம். கண் சரியாக இருக்கிறது, வீட்டில் டிவி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் நானே அத்தையின் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. திரையில் படத்தை விட எங்கள் ஜன்னல்தான் பளிச்சென்று தெரிகிறது, கம்பியோடு சேர்ந்து. தொடரில் ஒரு பெண் அழுகிறாள். அவள் முகத்தின் மேல் எங்கள் வீட்டு பர்க்ளர் பார் கம்பி குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. இதை அத்தை எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊரில் வடக்குப் பார்த்த ஜன்னல் என்றால் வெயில் அவ்வளவாக வராது. இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் வடக்கு ஜன்னலுக்குத்தான் நாள் முழுக்க வெயில். எங்கள் லவுஞ்சின் பெரிய ஜன்னல் வடக்குச் சுவரில். அதற்கு நேர் எதிரே தெற்குச் சுவரில் டிவி. அத்தையின் நாற்காலி ஜன்னலுக்கு அடியில். திரைச்சீலையை இழுத்து மூடினால் பிரச்சினை தீரும்தான், ஆனால் தெருவைப் பார்ப்பதும் அவருக்கு வேண்டும். அதை எடுத்துவிட எனக்கு மனமில்லை.

அறை 4.2 மீட்டருக்கு 3.4 மீட்டர். கிழக்குச் சுவர் வெளிச்சுவர், அதை ஒட்டி மாடிப்படி ஏறுகிறது. படிக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல். டிஷ் அந்தக் கிழக்குச் சுவரில் வெளியே இருக்கிறது. கேபிள் படிக்கு அடியில், தென்கிழக்கு மூலையில் உள்ளே வருகிறது. தெற்குச் சுவரில் டிவி மேஜையும், அதற்கு அந்தப் பக்கம் சமையலறை வாசலும். மேற்குச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொது. மாற்றினால் அங்கேதான் மாற்ற முடியும். ஆனால் அந்தச் சுவரில்தான் சாமி இடம். காமாட்சி விளக்கு தினமும் சாயங்காலம் ஏற்றுகிறோம்.

கேபிள் எட்டாது. மூலையிலிருந்து சமையலறை வாசலைச் சுற்றிக்கொண்டு போனால் பத்து மீட்டர் நீட்ட வேண்டும். டிகோடர், அதாவது டிஷ்ஷுக்கான செட்-டாப் பெட்டி, டி.எஸ்.டிவி நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரா. அதற்கு ஒரே கேபிள்தான் வருகிறது. டிவி 43 அங்குலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிவி மேஜையை மாமா தம் கையால் செய்தார். அவர் குடும்பம் டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் இருந்து சாட்ஸ்வர்த்துக்கு வந்தது. அவர் தச்சு வேலை பார்த்தவர். 1976-இல் இந்த நாட்டில் டிவி ஒளிபரப்பு தொடங்கிய வருஷமே, பெட்டி வாங்கக் காசு சேருவதற்கு முன்பாகவே, மேஜையைச் செய்து வைத்துவிட்டாராம். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. டிவியைச் சுவரில் மாட்டிவிடலாம், மேஜை எதற்கு என்று என் கணவர் சொன்னபோது அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்.

என் கேள்விகள்: பெட்டியை நகர்த்தினால் டிஷ்ஷைத் திரும்பத் திருப்ப வேண்டுமா? கேபிளை நடுவில் ஒட்டுப்போட்டு நீட்டலாமா, அல்லது டிகோடரை இருக்கும் இடத்தில் விட்டுவிட்டு எச்.டி.எம்.ஐ. கேபிளை மட்டும் நீட்டுவது நல்லதா? விளக்குக்குப் பக்கத்தில் டிவி இருக்கலாமா?

டோங்காட் பழைய கை

மகளே, 22 வருஷம் டிஷ் மாட்டியவன் நான். இப்போது முழங்கால் ஏணிக்கு ஒத்துழைப்பதில்லை, அதனால் விட்டுவிட்டேன். கேட்டதற்கு எல்லாம் சொல்கிறேன்.

டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். உள்ளே பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்பது டிஷ்ஷுக்குத் தெரியாது. அது பார்ப்பது கிழக்குத் தீர்க்கரேகை 68.5 பாகையில், பூமத்திய ரேகைக்கு மேலே கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை. டர்பனிலிருந்து பார்த்தால் அது வடகிழக்கு. உயரம் எவ்வளவு என்றால், ஜூன் மாத நண்பகலில் சூரியன் எந்த உயரத்தில் நிற்கிறதோ ஏறக்குறைய அதே உயரம். மரம் மறைக்கிறதா என்று பார்க்க நான் இந்தக் கணக்கைத்தான் வைத்துக்கொள்வேன். அந்தப் பக்கம் புதிதாக மரம் வளராத வரையில் உங்கள் டிஷ் அப்படியே இருக்கட்டும். யாராவது வந்து “டிஷ்ஷையும் அலைன் பண்ணணும்” என்று தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கேபிள். வீட்டுக்குள் வருவது ஆர்.ஜி.6 என்ற டிஷ் கேபிள் வகைதானா என்று முதலில் பாருங்கள், மேல்தோலிலேயே அச்சடித்திருக்கும். அதே ஆர்.ஜி.6-ஐயே வாங்குங்கள், செம்புக் கம்பியாக இருந்தால் நல்லது. பழைய டிவி ஏரியலுக்குப் போட்ட மெல்லிய கேபிள் வீட்டில் கிடக்கும். அதை இதில் சேர்க்காதீர்கள். டிஷ்ஷிலிருந்து வரும் சிக்னல் 950-லிருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. மேல் எல்லையில் ஆர்.ஜி.6 பத்து மீட்டருக்குச் சுமார் மூன்று டெசிபல் தின்னும். சிக்னல் நல்லபடியாக இருக்கும் வீட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே மழைக்குப் படம் போகிற வீடாக இருந்தால், இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போகும். அதனால் நகர்த்தும் முன்பு மெனுவில் சிக்னல் பக்கத்துக்குப் போய் பலமும் தரமும் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி கிடையாது.

ஒட்டுப்போடலாம். ஒரே ஓர் ஒட்டு, வீட்டுக்குள்ளே, ஈரம் படாத இடத்தில். இரண்டு முனையிலும் எஃப் கனெக்டர் என்ற திருகு முனையைப் போட்டு, நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு ஜாயினர். கம்பியை முறுக்கி டேப் சுற்றுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்த வீட்டுக்கு நான் எத்தனை முறை போயிருக்கிறேன்! திரையில் இ48-32 என்று, அதாவது சிக்னல் இல்லை என்று வரும், வீட்டார் டிஷ்ஷையும் பெட்டியையும் திட்டிக்கொண்டிருப்பார்கள். சோபாவுக்குப் பின்னால் கை விட்டால் கறுப்பு டேப் உருண்டை ஒன்று கிடைக்கும்.

கனெக்டர் போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மேல்தோலைச் சீவியதும் உள்ளே வெள்ளிநிறப் பின்னல் தெரியும், முடியைப் போல மெல்லிய இழைகள். அதைப் பின்பக்கம் மடித்துவிட வேண்டும். அதற்குள்ளே வெள்ளை நுரை, அதற்குள் நடுக்கம்பி. பின்னலில் ஓர் இழை, ஒரே ஓர் இழை, நடுக்கம்பியைத் தொட்டாலும் போதும், எல்லாம் முடிந்தது. கனெக்டரை மாட்டுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்து, முனையைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். எனக்கு வயசான பிறகு பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பேன். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டிருந்தால் போதும்.

இதற்கெல்லாம் முன்பு டிகோடரைச் சுவர் பிளக்கிலிருந்தே கழற்றிவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. அந்தக் கேபிளில் சிக்னல் மட்டும் வருவதில்லை. மேலே டிஷ்ஷின் கையில் இருந்து சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி. என்ற சின்னக் கருவிக்கு டிகோடர் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே கம்பியில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பின்னலும் கம்பியும் உரசினால் பெட்டிக்குச் சேதம். எக்ஸ்ப்ளோராவுக்குள் ஹார்ட் டிஸ்க் சுற்றுகிறது, அதனால் கழற்றிய பிறகும் ஒரு நிமிஷம் பொறுத்துத் தூக்குங்கள்.

எச்.டி.எம்.ஐ. நீட்டுவது பற்றி: ஐந்து மீட்டர் வரை எந்தக் கேபிளும் ஓடும். பத்து மீட்டர் என்றால் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும். அதை விட எனக்கு உறுத்துவது ரிமோட். பெரியவர் மேற்கே டிவியைப் பார்த்துக்கொண்டு, தெற்கே பெட்டிக்கு ரிமோட்டை நீட்ட வேண்டும். 79 வயதில் இது தினமும் தொல்லை. பெட்டி டிவிக்குக் கீழேயே இருக்கட்டும்.

மூலையில் கேபிளை மடக்காதீர்கள், வளைத்து விடுங்கள். ஒரு தேநீர்க் கோப்பையின் வட்டத்தை விடச் சிறிய வளைவு கூடாது.

லெனேசியா வாசி

ஐயா கேபிளைச் சொல்லிவிட்டார், நான் மின்சாரத்தைச் சொல்கிறேன். மேற்குச் சுவரில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா? இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் வயரைச் சமையலறை வாசலுக்குக் குறுக்கே, கம்பளத்துக்கு அடியில் இழுத்துவிடாதீர்கள். நான் செய்தேன். ஏழு மாதம் எந்தக் குறையும் இல்லை. ஒரு நாள் கம்பளத்தை வெயிலில் போடத் தூக்கினால், அடியில் ஒரு ராண்டு நாணயம் அளவுக்குக் கருகிய வட்டம். நடந்து நடந்து வயரின் தோல் தேய்ந்து உள்ளே சூடாகியிருக்கிறது. மேலே என் மகள் படுத்துப் படித்துக்கொண்டிருந்த இடம் அது. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தச் சுவரில் ஒரு பாயிண்ட் போடச் சொல்லுங்கள். முடித்ததும் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். நாளை வீட்டை விற்கும்போதும் கேட்பார்கள், காப்பீட்டுக்காரரும் கேட்பார்.

மின்சாரம் திடீரென்று எகிறினால், அதாவது சர்ஜ் வந்தால், தாங்கும் பிளக் ஒன்றும் போடுங்கள். முறை வைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட்ஷெடிங் காலத்தில் மின்சாரம் போகும்போது பெட்டிகள் கெட்டதை விட, திரும்பி வரும்போது கெட்டதுதான் அதிகம். இங்கே எங்கள் பக்கத்துக் கோடை இடிக்கு நான் கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடுவேன். மின்னல் டிஷ் வழியாகவும் வரும்.

கேப்டவுன் கார்த்தி

இவ்வளவு வேலை எதற்கு? டிஷ்ஷே வேண்டாம். இணையம் இருந்தால் செயலியிலேயே எல்லாம் ஓடும். ஃபைபர் ஒன்று போட்டு, டிவியை எங்கே வேண்டுமோ அங்கே வையுங்கள். கேபிளே இல்லாமல் முடிந்துவிடும்.

பேவியூ மருமகள்

டோங்காட் ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதினீர்கள், ரொம்ப நன்றி. கேபிளைப் பார்த்தேன், ஆர்.ஜி.6 என்றே அச்சடித்திருக்கிறது. சிக்னல் தரம் 84 காட்டுகிறது, எழுதி வைத்துக்கொண்டேன்.

லெனேசியா அண்ணன், மேற்குச் சுவரில் பாயிண்ட் இல்லை. நீங்கள் சொன்னதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கியே வந்துவிட்டிருந்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எலக்ட்ரீஷியனிடம் பேசியிருக்கிறோம்.

கார்த்தி தம்பி, நீங்கள் சொல்வது எங்களுக்குச் சரியாக வரும், அத்தைக்கு வராது. அவருக்கு ரிமோட்டில் எந்த எண் எந்தச் சேனல் என்று விரலுக்கே தெரியும். கண் தெரியாமல் இருந்த நாட்களிலும் தடவிப் பார்த்தே சேனலை மாற்றினார். அந்த ரிமோட்டை மாற்ற நான் தயாரில்லை.

ஐயா, ஒரு சந்தேகம். மேற்குச் சுவரில் பிராக்கெட் அடித்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் அதிருமே? அவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

மாரிட்ஸ்பர்க் செவிலி

அக்கா, ஓட்டை போடுவதற்கு முன்பு ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுங்கள். டிவி வரப்போகும் இடத்தில், அதே உயரத்தில், சுவரோடு ஒட்டி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பாருங்கள். அதற்குள் ஜன்னல் தெரிந்தால் நாளை திரையிலும் தெரியும். கண்ணாடியைத் திரையின் நான்கு மூலைக்கும் நகர்த்திப் பார்க்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. என் அப்பாவுக்கு இப்படித்தான் இடம் பார்த்தேன்.

உயரத்தையும் நாற்காலியிலிருந்தே அளந்து பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து அவர் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, திரையின் நடுப்பாகம் அங்கே அல்லது ஒரு கையகலம் கீழே வரட்டும். கடைகளில் மாட்டுவது போல உயரத்தில் மாட்டினால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கும். அண்ணாந்து பார்க்கும்போது கண்ணையும் அகலத் திறக்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் காய்ந்து எரியும்.

அறையை இருட்டாக்கி டிவி மட்டும் பளிச்சென்று எரிவதும் அவருக்கு ஆகாது. டிவிக்குப் பக்கத்திலோ பின்னாலோ மங்கலான ஒரு விளக்கு எரிவது நல்லது. உங்கள் வீட்டில் அந்த வேலையைக் காமாட்சி விளக்கே செய்துவிடும், தள்ளி இருந்தால்.

டோங்காட் பழைய கை

மகளே, பிராக்கெட் எதற்கு? உங்கள் மாமா செய்த மேஜை இருக்கிறதே. அதன் உயரத்தை அளந்து சொல்லுங்கள். 43 அங்குலத் திரை 54 சென்டிமீட்டர் உயரம் வரும், அதில் பாதி 27. டிவியின் கால் ஒரு ஐந்தாறு சென்டிமீட்டர். மேஜை 60 சென்டிமீட்டர் இருந்தால் திரையின் நடுப்பாகம் 93-இல் வந்துவிடும். செவிலி சொன்ன கணக்குக்கு அச்சாக ஒத்துப்போகும். சுவரில் ஒரு ஆணி கூட வேண்டாம், பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கும்.

விளக்கு பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். எண்ணெய் விளக்கின் புகை, கண்ணுக்குத் தெரியாமல் எல்லா இடத்திலும் படியும். டிவியின் பின்பக்கத்துக் காற்றோட்டத் துளைகளிலும் படியும், அதில் தூசி ஒட்டும். ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். டிகோடருக்கு மேலும் பக்கத்திலும் காற்று போக இடம் விடுங்கள். அதன் மேல் துணி விரிக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கூடாது.

பேவியூ மருமகள்

போன சனிக்கிழமை மாற்றிவிட்டோம். யாருக்காவது பயன்படும் என்று நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடிச் சோதனை. அத்தை நாற்காலியில், பையன் கண்ணாடியோடு சுவரருகே, நான் நடுவில். நான் நினைத்து வைத்திருந்த இடத்தில் பெரிய ஜன்னல் தெரியவே இல்லை. சந்தோஷப்பட்டேன். கண்ணாடியை வலது மேல் மூலைக்குக் கொண்டு போனதும் அத்தை, “அங்கே வெளிச்சம் அடிக்குது” என்றார். படிக்கு மேலே இருக்கும் சின்ன ஜன்னல். அது என் நினைவிலேயே இல்லை. கண்ணாடியை இடது பக்கம் 40 சென்டிமீட்டர் நகர்த்தினால் மறைகிறது. நாற்காலியையும் ஒரு சாண் முன்னால் இழுத்தோம். இடம் முடிவானதும் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். அந்தக் கோட்டிலிருந்து சாமி மாடம் 1.3 மீட்டர். விளக்கை நகர்த்த வேண்டிய தேவையே வரவில்லை. அதை நகர்த்தச் சொல்ல வேண்டி வருமோ என்ற பயம் எனக்கு ஒரு வாரமாக இருந்தது.

மேஜையின் உயரம் 61 சென்டிமீட்டர். உட்கார்ந்திருக்கும் அத்தையின் கண் தரையிலிருந்து 102. ஐயாவின் கணக்குப்படி திரையின் நடுப்பாகம் 94-இல் வருகிறது.

எலக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமையே வந்து இரட்டை பாயிண்ட் ஒன்று போட்டு, சான்றிதழும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கேபிள் வேலையை என் கணவர் செய்தார். முதல் கனெக்டரைப் போட்டதும், நான் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐயா சொன்னது அப்படியே இருந்தது. ஓர் இழை, என் பையனின் தலைமுடியை விட மெல்லியது, மடங்காமல் நுரையின் மேலே படிந்து, நடுக்கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வாசிக்காமல் இருந்திருந்தால் அதை நான் பார்த்திருக்கவே மாட்டேன். வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டார். சமையலறை வாசலின் சட்டத்தை ஒட்டி மேலே ஏற்றி, மறுபக்கம் இறக்கி, கேபிளை மூடும் வெள்ளை டிரங்கிங்குக்குள் விட்டிருக்கிறோம். மூலைகளில் மடக்கவில்லை. ஒட்டு படிக்கு அடியில், கைக்கு எட்டும் இடத்தில்.

இடையில் மேஜை. அது தேக்கு இல்லை, ஆனால் நல்ல கனம். நானும் கணவரும் பக்கத்து வீட்டு அண்ணனும் சேர்ந்து இழுத்தோம். அந்தச் சுவரை விட்டு அது நகர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். பின்பலகையை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. துடைக்கலாம் என்று துணியோடு குனிந்தேன். தூசிக்கு அடியில் ஏதோ எழுத்து. பென்சிலில், தச்சர்கள் வைத்திருப்பார்களே அந்தத் தட்டைப் பென்சிலில், உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே தமிழில் “நாலு அடி ஏழு”, பக்கத்தில் ஒரு கழித்தல் கணக்கு, அப்புறம் 1976. மாமா கோயில் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் படித்த தமிழ் அது. கடைக்கும் வேலைக்கும் எல்லாம் ஆங்கிலம்தான் எழுதுவாராம். மரத்துக்கு மட்டும் தமிழில் எழுதியிருக்கிறார்.

அத்தையைக் கூப்பிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமலே வாசித்தார். “அந்த நாலைப் பாரு, வால் நீட்டித்தான் போடுவார்” என்று சொல்லி, விரலால் அந்தச் சுழியைத் தொட்டுவிட்டு, துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எழுத்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை அவரே துடைத்தார். டிகோடர் வந்த காலத்தில் கேபிளுக்காக மாமா போட்ட ஓட்டையும் அந்தப் பலகையில் இருக்கிறது, ஓரம் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக. புதுக் கேபிளையும் அதன் வழியாகவே விட்டோம். எஃப் கனெக்டர் உள்ளே போகிறது, சரியான அளவு.

எல்லாம் மாட்டிவிட்டுப் பெட்டியைப் போட்டால், ஐந்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. என் கணவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு தானாகவே தேடிப் பிடித்துக்கொண்டது. சிக்னல் தரம் முன்பு 84, இப்போது 81. ஞாயிறு இரவு நல்ல மழை. படம் ஒரு முறை கூட உடையவில்லை.

அத்தை இப்போது மேற்கே பார்த்து உட்காருகிறார். ஜன்னல் அவர் வலது கைப்பக்கம். தலையைத் திருப்பினால் தெரு, நேரே பார்த்தால் டிவி. காலையில் லோட்டஸ் எஃப்.எம். வானொலி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு தொடர். நேற்று ஒன்றரை மணி நேரம் பார்த்தார். கண்ணை மூடவில்லை. நடுவில் கதையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி.

செவிலித் தங்கை, அந்தக் கண்ணாடி யோசனைக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டோங்காட் ஐயா, அத்தை உங்களைக் கேட்கச் சொன்னார்: நீங்கள் எந்த வருஷம் டோங்காட்டில் வேலை தொடங்கினீர்கள்? மாமாவுக்கு அந்தப் பக்கம் டிஷ் வேலை செய்த சிநேகிதர் ஒருவர் இருந்தாராம்.

ஆர்.ஜி.6 கேபிள் நான்கு மீட்டரும் பிரிக்காத இரண்டு கனெக்டரும் மிச்சம் இருக்கின்றன. சாட்ஸ்வர்த் பக்கம் யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.